நன்னடத்தையும் விசுவாசமும்

அந்தமானில் மூதாதையரைத் தேடும் குடும்பங்களைச் சுற்றி இரண்டு பொய்கள் உலவுகின்றன. முதலாவது, அங்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு கைதியும் விடுதலை வீரர் என்பது. இரண்டாவது, காலனிய அரசிடம் நிலம் பெற்ற ஒவ்வொருவரும் வெள்ளையருக்கு வால்பிடித்தவர் என்பது. பத்துபஸ்தி போன்ற போர்ட் பிளேர்க் குடியிருப்புகளில் வேர் தேடுவோர் இவ்விரண்டையும் மறுத்தே ஆவணத்தைத் திறக்க வேண்டும்.

1858 மார்ச்சில் குற்றவாளிக் குடியேற்றம் தொடங்கியது. செல்லுலார் சிறை கட்டி முடிந்தது 1906இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் வந்தவருள் 1857 எழுச்சியாளரும் உண்டு. கொலை, கொள்ளை வழக்குகளில் தண்டிக்கப்பட்டோர் அவர்களினும் மிகப் பலர். ஆண்டுக்கணக்கில் நன்னடத்தை காட்டிய கைதி விடுப்புச் சீட்டுப் பெற்று, ஊரில் குடியமர்ந்து, நிலத்தை உழுது, தன் பிழைப்பைத் தானே பார்க்கலாம். ஆக, அங்கு நிலப்பதிவு என்பது கீழ்ப்படிதலின் பதிவு.

கீழ்ப்படிதல் விசுவாசமாகுமா? ஷேர் அலியைக் கேட்க வேண்டும். பெஷாவரில் ஆங்கில அதிகாரிகளிடம் பணிபுரிந்தவர் அவர். தீவில் நன்னடத்தையால் நாவிதத் தொழில் செய்ய அனுமதி பெற்றவர். 1872 பிப்ரவரி 8 அன்று வைசிராய் மேயோவைக் குத்திக் கொன்றவரும் அவரே. பதிவேடு எழுதியவன் கண்டது கைதியின் நடத்தையை, அவன் நெஞ்சையல்ல.

உண்மையான விசுவாசக் கொடைகள் வேறு. பாளையக்காரர் போர்களில் கும்பினிக்குத் துணைநின்ற புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு 1803இல் கீழாநிலை கிடைத்தது. பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குப் போயிற்று. கனடாவில் பிரிட்டிஷ் அரசரின் பக்கம் நின்றோரின் மகன்களுக்கும் மகள்களுக்கும் நிலம் வழங்க 1789இல் ஆணை பிறந்தது. அங்கெல்லாம் கொடுத்தவனும் பெற்றவனும் பேரம் பேசும் நிலையில் இருந்தனர். விலங்கிடப்பட்டவனுக்கு அந்த நிலை ஏது? இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது ஆய்வன்று, சோம்பல்.

இது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று. ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றிய 1942 இன்றும் எல்லைக்கோடாக நிற்கிறது. அதற்கு முன் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அங்கே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு பிரிவு. மூதாதை அந்தத் தேதிக்கு முன்பே இருந்தார் என்பதற்குப் பழைய தாள் வேண்டும். தாள் யாரிடம் இருக்கும்? நிலம் பெற்றவன் வீட்டில். சீட்டுக் கிடைக்காமல் கூலியாகவே மாண்டவன் நிலப்பதிவில் இல்லை. பெண் கைதி சிறையிலிருந்து வெளியேறத் திருமணமே முதன்மை வழி. நிலத்தாளில் குடும்பத்தலைவனாக நிற்பவன் கணவன்.

அன்று அதிகாரி எவனை நல்லவன் என்றானோ, அவனே இன்று எளிதில் நிறுவத்தக்க மூதாதை. பட்டாவை மட்டும் நம்பும் வம்சாவளி, சிறை மேலாளரின் மதிப்பெண் பட்டியலுக்கு மறுபடியும் முத்திரை குத்துகிறது.

ஆகவே நிலத்தாளோடு இறப்புப் பதிவு, தண்டனைப் பதிவு, திருமணப் பதிவு, பாட்டிமார் நினைவு ஆகியவற்றையும் சம மதிப்புடன் வைத்துப் படிக்கட்டும். தியாகி கிடைக்காவிட்டால் வெட்கமில்லை. பணிந்து பிழைத்த ஒருவன் கிடைத்தால் அவனை மறைக்கவும் வேண்டாம். அவன் பிழைத்ததால்தான் தேடுவதற்கு இன்று ஒரு பேரன் இருக்கிறான்.