சேர்க்க வேண்டியவர்களை நாம் தேடவில்லை

கொழிஞ்சாம்பாறை முதல் முதலமடை வரை, வட்டவடை முதல் வண்டிப்பெரியார் வரை கேரள எல்லையில் வாழும் தமிழர்களாகிய நாம் உரிமை கேட்கத் தெரியாதவர்கள் இல்லை. பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்டோம், போனஸ் கேட்டோம். 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டத்துப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்று சாலையில் உட்கார்ந்தபோது தோள் கொடுத்தோம். 2020 ஆகஸ்ட் நிலச்சரிவில் பெட்டிமுடி லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போய் 70 உயிர்கள் பறிபோனபோது வீடும் நிலமும் கேட்டோம். ஆனால் அதே லயங்களின் உள்ளறையில் படுத்த பாயிலேயே கிடப்பவருக்காக, பேச்சு வராத பிள்ளைக்காக, கொழுந்துச் சுமையோடு சரிவில் விழுந்து இடுப்பொடிந்த பெண்ணுக்காக நாம் சேர்ந்து நின்றதில்லை. தொழிற்சங்கத்தார், ஆசிரியர்கள், வார்டு மெம்பர்கள், குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார், பத்திரிகையில் எழுதுகிறவர்கள் என எல்லோரும் சேர்ந்து ஏற்க வேண்டிய தவறு இது.

சட்டம் நம் பக்கம்தான் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் ஏழு வகைக் குறைபாடுகளே கணக்கில் இருந்தன. இந்தச் சட்டம் அதை 21 ஆக்கியது. அதன் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் சமூகப் பாதுகாப்பு உதவியைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. கேரளத்தில் முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி பென்ஷன் எல்லாமே வெகுநாள் 1,600 ரூபாய்தான். 2025 நவம்பர் முதல் எல்லாமே 2,000 ரூபாய். சட்டப்படி பார்த்தால் மாற்றுத்திறனாளிக்கு 2,500 வர வேண்டும். மாதம் 500 ரூபாய் குறைகிறது. தினக்கூலியில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் கொதிக்கிற நம் மேடைகளில் இந்த 500 ரூபாய் ஒரு பேச்சாகக்கூட எழவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. பென்ஷனை உரிமை என்று நாமே நினைக்கவில்லை. “மெம்பர் வாங்கிக் கொடுத்தாரு”, “கட்சிக்காரர் சொல்லித்தான் கிடைச்சது” என்பதுதான் நம் வீடுகளில் புழங்கும் பேச்சு. நலப் பென்ஷன் சட்டப்படியான உரிமையல்ல, உதவி மட்டுமே என்று 2024இல் மாநில அரசு உயர்நீதிமன்றத்தில் சொன்னபோது நமக்குக் கோபம் வந்தது. ஆனால் வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லிச் சொல்லி, அது உதவிதான் என்று அரசுக்கு முன்பே நாம் தீர்ப்பெழுதி வைத்திருந்தோம்.

பென்ஷன் நின்றால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டமே பார்த்தது. 2023 நவம்பரில் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள், மாதக்கணக்கில் பென்ஷன் வரவில்லை என்று சட்டியேந்திக் கடைத்தெருவில் பிச்சை கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு நிலமும் வீடுகளும் இருப்பதாக ஒரு கட்சி நாளேடு எழுதிவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவித்தது. அடுத்த ஜனவரியில் கோழிக்கோடு மாவட்டத்தில், ஐந்து மாதமாகப் பென்ஷன் கிடைக்காத மாற்றுத்திறனாளி முதியவர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உயர்நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்தது. அடிமாலி நமக்கு அடுத்த ஊர். நாம் போனில் வீடியோ பார்த்தோம், அடுத்தவருக்கு அனுப்பினோம். நம் வார்டில் எத்தனை பேருக்கு எத்தனை மாதம் பாக்கி என்று ஒரு தாளில் எழுதிப் பஞ்சாயத்து வாசலில் ஒட்டக்கூட நமக்குத் தோன்றவில்லை.

அரசு கண்காணிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் மாநில நிதித்துறை கணினிப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1,458 அரசு ஊழியர்கள் நலப் பென்ஷன் வாங்கி வந்ததைக் கண்டுபிடித்தது. கல்லூரி ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். பணத்தை 18 சதவீத வட்டியோடு திருப்பி வாங்க உத்தரவானது. கோட்டக்கல் நகராட்சியின் ஒரு வார்டில் மட்டும் பென்ஷன் வாங்கிய 42 பேரில் 38 பேர் தகுதியற்றவர்கள் என்று ஆய்வில் தெரிந்தது. இந்தப் பெயர்களெல்லாம் வருடக்கணக்காக அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தே இருந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கிராமசபையும் வார்டுசபையும் பிடிக்க வேண்டியதைக் கணினி வந்து பிடித்தது.

ஆனால் கணினியின் கண்ணுக்குப் பட்டியலில் இருப்பவர் மட்டுமே தெரிவார். நீக்க வேண்டியவரை அது காட்டும், சேர்க்க வேண்டியவரைக் காட்டாது. விட்டால் நீக்கக் கூடாதவரையும் நீக்கும். ஆஸ்திரேலியாவில் 2015க்குப் பிறகு நல உதவி பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தைக் கணினி தானே சராசரி போட்டு, லட்சக்கணக்கானோருக்குப் பொய்க் கடன் நோட்டீஸ் அனுப்பியது. அது சட்டவிரோதம் என்று தெளிந்து, அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2023இல் வருவதற்குள் பல குடும்பங்கள் நொடிந்துபோயின. பட்டியலுக்கு வெளியே நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்குத்தான் தெரிவார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நாம்தான்.

ஆண்டுதோறும் நடக்கும் மஸ்டரிங்கைப் பாருங்கள். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று அக்ஷயா சேவை மையத்தில் ரேகை வைத்துக் காட்ட வேண்டும். கட்டணம் 30 ரூபாய், வீட்டுக்கு வந்து எடுத்தால் 50 ரூபாய். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? அந்த அம்மா கட்டைவிரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், கருவி சிவப்பையே காட்டுகிறது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், பிறகு இடது கை. “ரேகை விழலக்கா, பஞ்சாயத்துல லைஃப் சர்டிபிகேட் எழுதிக் குடுங்க” என்கிறார் மேசைக்குப் பின்னால் இருக்கும் பையன். அவன் சொல்வது சரியான வழிதான், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் பஞ்சாயத்துக்குப் போகவர ஜீப் கூலியும் ஒரு நாள் சம்பளமும் போகும். “அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று அவர் எழுந்து போகிறார். கெடு முடிந்ததும் பென்ஷன் நிற்கிறது. அதே வரிசையில் பின்னால் நின்ற நம்மில் ஒருவர் அந்தத் தாளை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

சான்றிதழ் கதை இன்னும் நீளம். மெடிக்கல் போர்டில் 40 சதவீதம் என்று எழுதி வாங்கினால்தான் எந்தச் சலுகைக்கும் மனுப் போட முடியும். வட்டவடையிலிருந்து மூணாறுக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர், அதற்கப்பால் அடிமாலிக்கு மலை இறங்க வேண்டும். நடக்க முடியாதவரை அவ்வளவு தூரம் கூட்டிப் போய், டாக்டர் இல்லை என்று திரும்பி வந்த குடும்பம் மறுபடி கிளம்பாது. எல்லையில் பலர் பொள்ளாச்சியிலோ தேனியிலோ எடுத்த பழைய சான்றிதழோடு இருக்கிறார்கள். நாடு முழுதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை வந்த பிறகும், அதற்குப் பதிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்க நமக்கு மனம் வரவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மட்டும் வீடு வீடாகப் படியேறி இறங்கினோம்.

மொழிப்போராளிகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் தலைகுனிய வேண்டிய இடமும் இதுதான். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் இது நம் கையில் இருக்கும் ஆயுதம். கடைப்பலகைக்கும் பாடநூலுக்கும் அதை எடுத்தோம். மலையாளம் படிக்கத் தெரியாத தாய் ஒருத்தி, மகனின் பென்ஷன் ஏன் நின்றது என்று கேட்டுத் தமிழில் ஒரு மனு எழுதிப் போட அதை எடுக்கவில்லை.

வேலைத் திட்டத்திலும் அப்படியே. தொழிலுறப்பு எனும் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற வேலைகள் உண்டு. வேலையிடத்தில் தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, நாற்றங்காலில் செடி வளர்ப்பது என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. எந்த வேலையானாலும் கூலி ஒன்றுதான், 2025-26இல் கேரளத்தில் 369 ரூபாய். வறுமை ஒழிப்புத் திட்டங்களில் ஐந்து சதவீதம் அவர்களுக்கென்று 2016 சட்டத்தின் 37ஆம் பிரிவு ஒதுக்கியிருக்கிறது. ஆனால் “காலு வராதவனை வச்சு நம்ம அளவு எப்படி முடியும்?” என்று மேட் (வேலை மேற்பார்வையாளர்) கேட்டால் நாமும் தலையாட்டினோம். சமூகத் தணிக்கைக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு டீ குடித்துக் கலைந்தோம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய வேலை உறுதிச் சட்டத்தை மாற்றி, 125 நாள் வேலை என்று புதிய சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி மாநிலம் தன் திட்டத்தை வகுக்கும்போதும் நாம் வாய் மூடியிருந்தால், ஒதுங்கி நிற்பவருக்கு அதிலும் இடம் இருக்காது.

இழப்பீடு கேட்பதிலும் இதே கதைதான். முதலமடை மாந்தோப்புகளில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்த காலத்தில் குழந்தைகள் குறைபாட்டோடு பிறந்தன என்று அந்த ஊர்த் தாய்மார் நெடுநாளாகச் சொல்கிறார்கள். காசர்கோட்டில் மக்கள் திரண்டு போராடியதால் உச்சநீதிமன்றம் 2017இல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. முதலமடைத் தாய்மாருக்குப் பின்னால் நாம் அப்படித் திரளவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் இப்படி இருக்கிறார் என்று வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாது என்று நாமே ஒளித்தோம். “போன பிறவிப் பாவம்” என்று நாமே பேசினோம். கணக்கெடுக்க வந்தவரிடம் வாசலோடு பேசி அனுப்பினோம். பெயரே கொடுக்காத வீட்டைத் தேடி எந்த அரசும் வராது.

அரசின் பொறுப்பு இதனால் குறையாது. பாக்கி வைத்ததும், 600 ரூபாய் ஆஸ்வாசகிரணம் உதவியைப் பராமரிப்போருக்குத் தவணை தவறிக் கொடுத்ததும் அரசின் குற்றங்கள். அதைக் கேட்கும் தகுதி நமக்கு வர வேண்டுமானால் நம் பங்கை நாம் செய்ய வேண்டும். 2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் வென்ற மெம்பர்கள் பதவியில் இருக்கிறார்கள். வரும் கிராமசபைக்கு முன் ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியும் தன் வார்டில் லயம் லயமாக, காலனி காலனியாகப் போகட்டும். சான்றிதழ் இல்லாதவர், பென்ஷன் நின்றவர், வேலை கேட்டும் கிடைக்காதவர் என்று மூன்று பட்டியல் தமிழில் எழுதட்டும். படுத்திருப்பவர் வீட்டுக்கே மஸ்டரிங் வரச் சொல்லுங்கள், அந்த 50 ரூபாயைச் சங்கம் கட்டட்டும். மெடிக்கல் போர்டு நம் மலைக்கு ஏறி வர வேண்டும் என்று கலெக்டருக்கும் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் தமிழில் மனு எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி கிராமசபையை, மாடிப்படி இல்லாத இடத்தில், அவர்களை அழைத்து வந்து நடத்துங்கள். நிலுவையில் இருக்கும் அந்தக் கூடுதல் 25 சதவீதப் பென்ஷனை முதல் தீர்மானமாக எழுதுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் அது ஏறும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது.