பத்தாயிரம் கட்டினால் பாடம் முடிந்ததா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல் தடவை பிடிபட்டவரை நாம் என்ன செய்கிறோம்? கருவியில் ஊதச் சொல்கிறோம். 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் வழக்கு. முன்பு 2,000 ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தத்துக்குப் பின் 10,000. தமிழ்நாட்டில் அது 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதம் வரை சிறை என்றும் பிரிவில் இருக்கிறது. ஆனால் பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

நீதிமன்ற அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். அபராதம் கட்ட நிற்பவர்கள் முகத்தில் வெட்கத்தைப் பார்த்ததாக நினைவில்லை, எரிச்சல்தான். "நேரம் சரியில்லை சார், அந்தத் தெருவுல திரும்பியிருக்கக் கூடாது" என்பார்கள். பக்கத்தில் மனைவி நிற்பார், தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கும். தண்டனை யாருக்கு?

முதல் தடவை சிக்கியவரை வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்கிறேன். கலிபோர்னியாவில் அப்படித்தான்: முதல் குற்றத்துக்கே குறைந்தது மூன்று மாதப் படிப்பு, மொத்தம் 30 மணி நேரம், செலவும் அவருடையது. நம் சட்டத்திலும் 2019-இல் புத்தாக்கப் பயிற்சி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அது வண்டி ஓட்டும் பயிற்சி. இவருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாமலா போயிற்று?

வகுப்பில் என்ன சொல்வது என்று கேட்காதீர்கள். ஒரு குவார்ட்டர் கணக்கைச் சொன்னாலே போதும். 180 மி.லி., அதில் 42.8 சதவீதம் சாராயம். சுமார் 60 கிராம் வருகிறது. நடுத்தர உடம்புக்காரருக்கு அது சட்டம் சொல்லும் 30-க்கு இறங்க ஏழு மணி நேரம்கூட ஆகலாம். இரவு பத்து மணிக்குக் குடித்தவர் விடியற்காலை நாலரைக்கு லோடு ஏற்றக் கிளம்பினால் போதையோடுதான் போகிறார். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. நம் ஓட்டுநர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கடையிலும் எழுதிப் போடவில்லை, காவலரும் சொல்லவில்லை.

வீட்டுக்காரரையும் கூட உட்கார வைக்க வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய மையம் குடும்பத்தாருக்கும் சேர்த்தே ஆலோசனை சொல்லி வந்திருக்கிறது. வழி தெரியாமல் இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, அடிமையானவரைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. கஞ்சாவுக்கு இருக்கும் இந்த வாசல் 185-ஆவது பிரிவில் இல்லை. அரசே விற்கிற சரக்குக்கு வைத்தியம் எதற்கு என்று விட்டுவிட்டார்களோ என்னவோ!

"வகுப்புக்குப் போனால் திருந்திவிடுவானா?" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். பத்து வருடக் குடிகாரர் திருந்த மாட்டார், ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது சம்பள நாளன்று மட்டும் குடித்துவிட்டு பைக் எடுக்கிற இருபத்தைந்து வயதுப் பையனைப் பற்றி. அவன் இன்னும் அடிமை இல்லை. அவனுக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். டாஸ்மாக்கில் இருந்து அரசுக்கு 2023-24-இல் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வந்திருக்கிறது. தாலுகா தலைநகரில் சனிக்கிழமை ஒரு பள்ளி அறை, ஒரு மருத்துவர், இருபது நாற்காலி. அதற்குமா பணம் இல்லை?