கம்பெனியில் இல்லாத பளபளப்பு

பழைய புல்லட் ஒன்றை எடுத்துச் சீர்செய்யப் போவதாக வாய்விட்டுச் சொன்னால் போதும், அறிவுரைக்குக் குறைவிருக்காது. மெக்கானிக், பெயிண்டர், டீக்கடையில் நிற்பவர் என எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்வார்கள்: "அந்தக் காலத்துப் பெயிண்டெல்லாம் மட்டம் சார். ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் போடுங்க, டேங்குக்கு பி.யூ. அடிச்சுடலாம், நட்டு போல்ட்டு வரைக்கும் குரோம் பண்ணிடலாம். கம்பெனியில இருந்து வந்ததைவிட ஜம்முனு நிக்கும்."

இதில் அங்கங்கே உண்மை இருக்கிறது. அதனால்தான் மொத்தமும் உண்மைபோல் காதில் விழுகிறது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நிற்காது.

பழைய பெயிண்ட் மட்டம் என்பதிலிருந்து தொடங்கலாம். எந்தப் பழைய பெயிண்ட்? பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள் தொழிற்சாலைகளில் ஃபிரேமையும் மட்கார்டையும் கறுப்பு எனாமலில் முக்கி எடுத்து, சூளையில் வைத்துச் சுட்டார்கள். சூட்டில் இறுகிய எனாமல் கண்ணாடிபோல் வழுவழுப்பாக நிற்கும், மூலைமுடுக்கெல்லாம் புகுந்திருக்கும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச்சின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, திருவொற்றியூரில் முதலில் பூட்டப்பட்டவை இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய பாகங்கள். அந்த வயதுடைய ஃபிரேமில் சீட்டுக்கு அடியிலோ டூல்பாக்ஸுக்குப் பின்னாலோ துடைத்துப் பாருங்கள். அறுபது எழுபது மழைக்காலம் கண்ட கறுப்பு இன்னும் மின்னினால் ஆச்சரியப்பட வேண்டாம். இதை மட்டம் என்று சொல்ல மனது வரவில்லை.

நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் கதை வேறு. 1920களில் டூபான்ட் நிறுவனம் 'டுக்கோ' என்ற பெயரில் அதைக் கொண்டுவந்ததும், நாள்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த வண்டிகள் மணிக்கணக்கில் காயத் தொடங்கின. தின்னர் ஆவியாகிப் போனால் காய்ந்துவிடும். மறுபடி தின்னர் பட்டால் கரைந்தும்விடும். பெட்ரோல் சிந்தினால் மங்கும், இளகும். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது; அதற்கு இந்தப் பெயிண்ட் இன்னும் பலவீனம். ஆகவே ஓட்டப்போகும் வண்டியின் டேங்குக்கு பி.யூ. எனப்படும் பாலியூரிதேன் பெயிண்ட்தான் சரி என்று பெயிண்டர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். டப்பாவில் இருக்கும் வேதிப்பொருளுக்காகச் சண்டை போடுவது வீண். என் சண்டை நிறத்துக்கும், மினுக்கத்தின் அளவுக்கும், பூச்சின் கனத்துக்கும்தான். பி.யூ.விலும் சரியான நிறத்தைக் கொண்டுவரலாம். கண்ணாடி வைத்ததுபோல் நாலு கோட் கிளியர் ஏற்றாமல் அளவோடு நிறுத்தலாம். 'புது பெயிண்ட் நல்ல பெயிண்ட்' என்ற வாதம் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இன்னொன்றையும் அது சொல்வதில்லை. பி.யூ.வோடு கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தூவானத்தைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இறுகும். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் அடிக்கக்கூடாத பெயிண்ட் அது. நம் ஊர்ப் பட்டறைகளில் மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டைதான். வண்டி அழகாக வந்தால் சரி என்பவர்கள், ஸ்பிரே கன்னைப் பிடித்திருப்பவரின் நுரையீரலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது பவுடர் கோட்டிங். இதற்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம். உறுதியானது, சீக்கிரம் ஆகும், விலையும் கட்டுப்படி. எல்லாம் சரி. கேட்டுக்கு, கிரில்லுக்கு, மொட்டைமாடி நாற்காலிக்கு அருமையான பூச்சு. பழைய மோட்டார்சைக்கிள் ஃபிரேமுக்கு அது ஒத்துவராது.

மின்னேற்றம் கொடுத்த பொடியைத் தெளித்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது இந்த முறை. படலத்தின் கனம் சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான். அந்தக் கனம் போல்ட் மரைக்குள் இறங்கும், பேரிங் கப் உட்காரும் இடத்தில் ஏறும், என்ஜினை ஃபிரேமோடு இறுக்கும் முகப்புகளிலும் படியும். முன்னதாக மறைத்துக் கட்டாவிட்டால் மரையைத் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். மறைக்காத முகப்பில் இறுக்கிய போல்ட், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் நாளடைவில் அமுங்கியதும் தளர்ந்துவிடும். லேசாக எகிறுவதையே குணமாகக் கொண்ட ஒற்றை சிலிண்டர் வண்டியில் என்ஜின் போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும் என்று புல்லட் ஓட்டியவருக்குச் சொல்ல வேண்டாம். எர்த் கம்பி ஃபிரேமைத் தொடும் இடத்திலும் இதே கதை: படலம் மின்சாரத்தைக் கடத்தாது, ஹாரன் ஒருநாள் அடிக்கும், ஒருநாள் அடிக்காது.

பழைய டேங்கை அந்த அடுப்பில் வைப்பது இன்னும் மோசம். ஓட்டை விழுந்த டேங்குகளை அந்நாளில் ஈயப்பற்று வைத்து அடைத்தார்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். உள்ளே போகும்போது டேங்க். வெளியே வரும்போது சல்லடை.

சேஸிஸ் எண்ணை நினைத்துப் பாருங்கள். பெயர் மாற்றமோ வேறு வேலையோ என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால், எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட் கேட்பார்கள். 1960களில் கையால் அடித்த எண், பலமுறை பெயிண்ட் கண்டு ஏற்கெனவே ஆழம் குறைந்திருக்கும். அதன்மேல் கனத்த படலம் உருகி நிரம்பினால் பென்சிலில் தேய்த்தாலும் எழுத்து தெரியாது. சரி, உரித்துவிடலாம் என்றால் அது சாதாரண பெயிண்ட் ரிமூவருக்கு எளிதில் அசையாது. சாண்ட் பிளாஸ்டிங்கில் விட்டால் எண்ணும் சேர்ந்து தேயும்.

துருவைப் பொறுத்தவரை இது பாதுகாப்பு என்கிறார்களே? படலம் முழுதாக இருக்கும்வரை பாதுகாப்புதான். கல் பட்டு ஓரிடத்தில் உடைந்தால் ஈரம் அடியில் ஊர்ந்து போகும். மேலே பளபள, கீழே துரு. எனாமல் உடைந்தால் உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியும், தொட்டு அடைக்கலாம். இங்கே தெரியவே தெரியாது, ஒருநாள் தோலாக உரியும்வரை.

"புல்லட்னா கறுப்புதான்" என்பது மூன்றாவது வாதம். தங்கக் கோடு போட்ட கறுப்பு டேங்க் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிச் சாம்பலிலும் மெரூனிலும் புல்லட்டுகள் வந்திருக்கின்றன. ராணுவத்துக்குப் போனவை பச்சை. ஏலத்தில் வெளியே வந்த மிலிட்டரி வண்டிகளை வாங்கியவர்கள் முதல் வேலையாகக் கறுப்பு அடித்தார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு இன்று 'ஒரிஜினல் கறுப்பு' அடிப்பவர், முந்தைய சொந்தக்காரர் செய்த மாறுதலுக்குப் புது மெருகு ஏற்றுகிறார், அவ்வளவுதான். அதேபோல இரண்டாம் உலகப்போருக்காக ராயல் என்ஃபீல்டு செய்த டபிள்யூ.டி./சி.ஓ. வண்டிகளிலோ, விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கிய 125 சிசி 'ஃப்ளையிங் ஃப்ளீ'யிலோ குரோம் ரிம்மைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எதிரிக்கு வெயிலில் கண்ணைக் காட்டவா?

அசல் நிறம் அசிங்கமாக இருந்தால்? இந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. 1959இல் வந்த முதல் ட்ரையம்ஃப் பானவில், முத்துச் சாம்பலும் டேஞ்சரின் ஆரஞ்சும் கலந்த டேங்கோடு வந்தது. வேக வண்டி கேட்ட இளைஞர்களுக்கு அந்த ஆரஞ்சு பிடிக்கவில்லை. கம்பெனியே விரைவில் ஆரஞ்சைக் கைவிட்டு நீலத்துக்கு மாறியது. அன்று கடையில் தேங்கிய அந்த ஆரஞ்சைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடிப் போகிறார்கள். நம் ரசனையும் மாறும், நம் பிள்ளைகளுடையதும் மாறும். 1959இன் ஆரஞ்சு 1959க்குச் சொந்தமானது.

"அசல் நிறம் என்னவென்று இனி யார் கண்டார்" என்பதும் சாக்குதான். பழைய ஆர்.சி. புத்தகம் இருந்தால் நிறம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியையே கேளுங்கள். டேங்கின் பக்கவாட்டு ரப்பர் பேடுக்கு அடியில், பேட்ஜுக்குப் பின்னால், டேங்கின் வயிற்றுப் புறத்தில், டூல்பாக்ஸின் உள்சுவரில், மட்கார்டு ஸ்டே பூட்டும் இடத்தில் வெயிலும் படவில்லை, பின்னால் வந்த பெயிண்டரின் கன்னும் எட்டவில்லை. மேலே பல கோட் ஏறியிருந்தால் ஓர் ஓரத்தில் நைஸ் வாட்டர் பேப்பரைத் தண்ணீர்விட்டு மெதுவாக வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக விரியும்: வெளியே நேற்றைய கறுப்பு, உள்ளே யாரோ அடித்த நீலம், அதற்கும் உள்ளே பிரைமரை ஒட்டி கம்பெனி நிறம். அந்த வளையத்தை மங்காத இடத்தில் கொஞ்சம் பாலிஷ் போட்டு, நிறம் கலக்கும் கடையிலுள்ள கருவியில் காட்டினால் நெருங்கிய கலவை கிடைக்கும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. தகட்டில் அடித்து, காயவிட்டு, வெயிலிலும் நிழலிலும் டியூப்லைட்டிலும் அசலோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். கடை விளக்கில் இரட்டைப் பிறவிபோல் இருப்பவை நடுப்பகலில் விலகி நிற்கும். ராணுவப் பச்சை என்று பொதுவாகக் கேட்டால் கடைக்கு ஒரு பச்சை கிடைக்கும், இந்தியத் தரமான ஐ.எஸ். 5 நிற அட்டையில் 220ஆம் எண் ஆலிவ் கிரீன் என்று எண்ணோடு கேட்டால் பேச்சு சுருங்கும்.

குரோம் விஷயத்தில் ஆசை கண்ணை மறைக்கிறது. 1920களின் இறுதிவரை மோட்டார்சைக்கிள்களில் மினுக்கிய பாகமெல்லாம் நிக்கல். குரோம் அதன் பிறகே வந்தது. நிக்கலில் லேசான மஞ்சள் சூடு இருக்கும், குரோமில் நீலக் குளிர்ச்சி. இருபதுகளின் வண்டிக்குக் குரோம் ஹேண்டில்பார் போட்டால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அதோடு, துருவைத் தடுப்பதும் குரோம் அல்ல. அலங்கார குரோமின் கனம் அரை மைக்ரானைத் தாண்டுவதே அபூர்வம்; பாதுகாப்பது அடியிலிருக்கும் நிக்கல்தான். அதை ஏய்த்துவிட்டு மேலே பளபளப்பு மட்டும் ஏற்றும் மலிவான பிளேட்டிங்கில் ஒரே மழைக்காலத்தில் ஊசிமுனைத் துருப் புள்ளிகள் கிளம்பும்.

நட்டு போல்ட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ் வண்டிகளில் அவற்றுக்குப் பெரும்பாலும் கேட்மியம் பூச்சு, மங்கிய வெள்ளிச் சாம்பல். கேட்மியம் நச்சு என்பதால் இன்று அதைத் தேட வேண்டாம். பளபளப்பு ஏற்றாத துத்தநாகப் பூச்சு கிட்டத்தட்ட அதே தோற்றம் தரும். எல்லாவற்றையும் குரோமில் முக்குவதில் ஆபத்தும் இருக்கிறது. பிளேட்டிங்குக்கு முன் அமிலத்தில் ஊறும்போதும் பிளேட்டிங்கின்போதும் உயர் இழுவலிமை கொண்ட போல்ட்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்துகொள்ளும். பிறகு அது வளையாமல், எச்சரிக்காமல், பட்டென்று முறியும்.

அலுமினியத்தைக் கண்ணாடியாகப் பஃப் அடிக்கும் பழக்கமும் இந்த வகைதான். மேல்மூடிகளைக் கம்பெனியே பாலிஷ் செய்தது. கிராங்க்கேஸை வார்ப்பிலிருந்து வந்த சொரசொரப்போடு விட்டது. அந்தச் சொரசொரப்பு தவறிப்போன வேலை அல்ல. வின்சென்ட் பிளாக் ஷேடோவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: என்ஜின் வார்ப்புகளுக்கு 'பைலுமின்' என்ற ரசாயனப் பூச்சு கொடுத்து, அதன்மேல் கறுப்பு எனாமலைச் சுட்டார்கள். அந்தக் கறுப்பைச் சுரண்டி அலுமினியத்தைப் பளபளக்க வைத்தால் ஷேடோ எங்கே போயிற்று?

டேங்கின் தங்கக் கோடுகளைப் பற்றி சுருக்கமாக: சென்னைத் தொழிற்சாலையில் அவற்றைக் கையால் இழுக்கும் வழக்கம் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. தூரிகை தொடங்கும் இடத்தில் கோடு ஒரு மயிரிழை தடிக்கும், திரும்பும் இடத்தில் மூச்சு வாங்கும். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி மேலே கிளியர் அடித்தால் கோடு நேராக இருக்கும், கை இருக்காது. கோடு போடத் தெரிந்த பெயிண்டர்கள் இன்றும் கிடைக்கிறார்கள். லாரியின் பின்பலகையில் எழுதியவர்களிடம் விசாரியுங்கள்.

விற்கும்போது பளபளக்கும் வண்டிக்கே விலை என்பார்கள். வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்தது அது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர் ஒரு விலை சொல்வார், விண்டேஜ் பதிவுக்கு வாங்குபவர் வேறு விலை சொல்வார். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டு, சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்குத்தான் 'வி.ஏ.' எழுத்துகளோடு விண்டேஜ் எண். பெயிண்டைப் பற்றி விதி தனியாகப் பேசவில்லை. அப்படியும் சேஸிஸ் எண் அமுங்கிப்போன ஃபிரேமோடு அங்கே போய் நிற்பது புத்திசாலித்தனம் அல்ல.

கடைசியாக மிச்சமிருப்பது, "என் வண்டி, என் இஷ்டம்." முழுக்கச் சரி. பிங்க் அடித்தாலும் கேட்க எனக்கு உரிமையில்லை. அதை ரெஸ்டோரேஷன் என்று பெயரிட்டு விற்காத வரைக்கும். உலகப் பழம்வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம், பாதுகாப்பதையும் புதுப்பிப்பதையும் தனித்தனியாகப் பிரித்து, முடிந்தவரை குறைவாகக் கைவைப்பதற்கே முதலிடம் கொடுக்கிறது. உங்கள் டேங்கில் கம்பெனி பெயிண்ட் பாதிக்கு மேல் பிழைத்திருந்தால், கீறலும் மங்கலும் இருந்தாலும், அதை உரிக்காதீர்கள். மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், துருப் புள்ளிகளை அந்தந்த இடத்திலேயே நிறுத்துங்கள், மெழுகு போடுங்கள். உரித்தே ஆகவேண்டிய நிலை என்றால் முதலில் புகைப்படம் எடுங்கள், கோட்டின் அகலத்தையும் டேங்க் விளிம்பிலிருந்து அதன் தூரத்தையும் ஸ்கேலால் அளந்து குறியுங்கள், ரப்பர் பேடுக்கு அடியில் ஓர் உள்ளங்கை அளவு பழைய பெயிண்டைத் தொடவேண்டாம் என்று பெயிண்டரிடம் கறாராகச் சொல்லுங்கள். "பேடுக்கு அடியிலதானே சார், யார் பார்க்கப்போறா" என்று அவர் நிச்சயம் கேட்பார். அடுத்து இந்த வண்டிக்கு நிறம் கலக்கப்போகிறவர் பார்ப்பார் என்று சொல்லுங்கள்.