கொழுந்துக் கணக்கும் கணினித் தொழிலும்

கம்பளையில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவனொருவன் சென்ற மாதம் மூன்று சான்றிதழ்களுடன் வந்தான். ‘புல் ஸ்டாக்’ எனப்படும் முழுநிலை வலைத்தொழிலுக்கு இவை போதுமா, கொழும்புக்குச் செல்லலாமா என்பது அவன் வினா. போதா என்றேன். முகம் வாடிவிட்டது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இத்தொழிற் பயிற்சியை இணையவழியே இலவசமாக வழங்குகின்றது. நற்பணி, குறை கூறேன். எனினும், வேலை தருவோர் முதலில் கேட்பது, “நீர் எதைச் செய்து முடித்தீர்?” என்பதே.

அவன் அன்னையார் தோட்டத்திலே கொழுந்து பறிப்பவர். நிறை குறைந்தால் அரைப்பேர். கூடினால் மேலதிகக் கிலோவிற்குத் தனிக்கூலி. கணக்கோ தோட்டத்தாரின் ஏட்டில். அன்னையாருக்கு நினைவு ஒன்றே துணை. அக்கணக்கையே செய்க என்றேன். கிலோவைப் பதியக் கைத்தொலைபேசித் திரையில் ஒரு படிவம்; அதற்கு எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட். பெற்றதைச் சரிபார்க்கச் சேவையகத்தில் பைதன் நிரல். சேர்த்துவைத்து மாதமுடிவில் கூட்டிக்காட்டத் தரவுத்தளம். இம்மூன்றையும் ஒருவரே கட்ட அறிதல்தான் முழுநிலை என்பது. திரையில் யாவும் தமிழிலேயே இருக்கட்டும். யுனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடந்தந்துவிட்டது. எவரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டா. வலையின் நுட்பத்தை 1993இல் செர்ன் ஆய்வுக்கூடம் உரிமைத்தொகையின்றி உலகிற்கு அளித்தது.

ஆங்கிலமின்றி இத்தொழிலில் நெடுந்தூரம் செல்லவியலாது என்பதையும் நான் மறைக்கவில்லை. பிழைச்செய்திகள் அம்மொழியிலேதான் வருகின்றன!

சென்ற ஞாயிறு மீண்டும் வந்தான். கிலோவிற்குரிய கட்டத்தில் எழுத்தைத் தட்டினாலும் அவன் படிவம் ஏற்றுக்கொள்கின்றது. திருத்த வேண்டியவை இன்னும் உள. ஆயினும், அன்னையார் இவ்வாரக் கணக்கைத் தாமே வாசித்தாராம்.