ஓர் இசைத்தட்டும் ரசிகர் அபிப்பிராயமும்

சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை சாஸ்திரம் கற்றவருக்கு மட்டுமே உரியது என்று ஒரு சாராரும், காசு கொடுத்துக் கேட்பவர் யாராயினும் அவருக்கும் உரியது என்று மற்றொரு சாராரும் வெகுகாலமாக வாதாடி வருகிறார்கள். இந்த விவாதத்துக்கு இடையே, மூன்றாவது ஒரு தரப்பின் கைக்குத் தீர்ப்பு மெல்ல மாறிவிட்டதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். அந்த மூன்றாவது தரப்பு கடலுக்கு அப்பால் இருக்கிறது. நம்மவர் ஒருவர் ஆக்கிய இசையைப் பல்லாண்டுகள் கேளாமல் இருந்துவிட்டு, லண்டன் நகரத்து நடனக் கூடங்களில் அதற்கு மதிப்பு ஏற்பட்டதென்று தெரிந்த பிறகு, அங்கே எந்தப் பகுதியைப் புகழ்ந்தார்களோ அந்தப் பகுதியை மட்டும் நாமும் புகழ்ந்து பேசும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன். இதற்கு நல்ல திருஷ்டாந்தம், 1975ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வெளியிட்ட 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்' என்னும் இசைத்தட்டு.

ஆனந்த சங்கர் 1942இல் அல்மோராவில் பிறந்தவர். நடன மேதை உதய சங்கருக்கும் அமலா சங்கருக்கும் புதல்வர். சித்தார் மேதை ரவிசங்கருக்கு அண்ணன் மகன். ஆயினும் அவர் சித்தார் பயின்றது சிற்றப்பாவிடம் அன்று. காசி இந்து சர்வகலாசாலையில் லால்மணி மிஸ்ராவிடம். தமிழருக்கு இந்தக் குடும்பம் அந்நியமானதும் அன்று. உதய சங்கர் தம் 'கல்பனா' திரைப்படத்தைச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்தான் எடுத்தார். அது வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே அதே ஸ்டூடியோவிலிருந்து எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா'வும் வெளிவந்து, அதன் முரசு நடனம் தேசமெங்கும் பிரசித்தி பெற்றது. ஆனந்த சங்கரின் இசைத்தட்டிலுள்ள 'டான்சிங் டிரம்ஸ்' என்ற பகுதியைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெருமுரசுகள் என் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டுக்கும் நேரான சம்பந்தம் உண்டென்று நான் வாதாடவில்லை. தாளத்தின் மீது நின்று ஆட வேண்டும் என்னும் ஒரே ஆசை இரண்டிலும் இருக்கிறது என்றே சொல்கிறேன்.

1960களின் பிற்பகுதியில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் முதலானவர்களோடு சேர்ந்து வாசித்து, 1970இல் ரிப்ரைஸ் நிறுவனத்தின் மூலம் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றையும் டோர்ஸ் குழுவின் பாட்டு ஒன்றையும் சித்தாரில் வாசித்த அந்த முதல் முயற்சியில் இளமையின் வேகம் இருந்ததே ஒழியச் சொந்த வழி இன்னும் புலப்படவில்லை. தாயகம் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்து ஆக்கிய 1975ஆம் ஆண்டுத் தட்டில்தான் அந்த வழி தெளிவாகிறது. சித்தாரும் தபலாவும் மிருதங்கமும் ஒரு பக்கம், மின்கிதாரும் டிரம்ஸும் மூக் சிந்தசைசர் என்னும் மின்னணு வாத்தியமும் மறுபக்கம் என்று அமர்ந்து ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் அந்தத் தட்டில் பல பகுதிகள் இருக்கின்றன.

இந்தச் சேர்க்கை ஏன் பொருந்தியது என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஃபங்க் என்று அழைக்கப்படும் இசை, 1960களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே, ஜேம்ஸ் பிரௌன் என்னும் பாடகரின் குழுவில் உருப்பெற்றது. அதற்கு முன் அவர்களுடைய நடன இசையில் நான்கடித் தாளத்தின் இரண்டாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் அழுத்தம் கொடுப்பதே வழக்கமாக இருக்க, பிரௌன் தம் வாத்தியக்காரர்கள் அனைவரும் முதல் அடியில் வந்து ஒன்றாக விழ வேண்டும் என்று வற்புறுத்தினார். கிதார், பேஸ், ஊதுகுழல் எல்லாமே தாள வாத்தியங்களாக மாறின. மேனாட்டு இசையின் உயிர்நாடி என்று கருதப்படும் சுரக்கூட்டுகளின் மாற்றம் அநேகமாக நின்றுபோய், ஒரே கூட்டின் மீது நெடுநேரம் சஞ்சரிக்கும் பழக்கம் வந்தது. இப்போது நம் சங்கீதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே சுருதியின் மீது நிற்கும் ராகமும், எத்தனை கணக்குகள் போட்டாலும் இறுதியில் சமத்துக்கு வந்து சேர வேண்டும் என்னும் தாள நியதியும் நமக்கு ஆதிமுதல் சொந்தமானவை. ஆகவே, அமெரிக்க இசையின் மற்றக் கிளைகளைக் காட்டிலும் ஃபங்க் நமக்கு நெருங்கிய உறவு. ஆனந்த சங்கர் இரண்டு அந்நியப் பொருள்களைப் பலவந்தமாக ஒட்டினார் என்று சொல்பவர்கள் இந்த உறவைக் கவனிக்காதவர்கள். எங்கள் கொல்லிமலையில் மிளகுக்கொடி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. அதனால் அது கொல்லிமலை மிளகு அல்ல என்று இதுவரை எந்த வியாபாரியும் விலையைக் குறைத்ததில்லை.

அந்தத் தட்டு காலப்போக்கில் கடைகளிலிருந்து மறைந்து, வெகுகாலம் மறுபதிப்புக் காணாமல் கிடந்தது. இதற்கிடையே 1980களின் இறுதியில், லண்டனில் ஜைல்ஸ் பீட்டர்சன், எடி பில்லர் முதலான இளைஞர்கள் பழைய ஜாஸ், ஃபங்க் தட்டுகளைத் தேடி எடுத்து நடனக் கூடங்களில் சுழலவிட்டு, அவற்றின் பாணியில் புதிய இசைக் குழுக்களையும் வளர்த்தார்கள். ஆசிட் ஜாஸ் என்ற பெயரில் 1987இல் ஓர் இசைத்தட்டு நிறுவனமே எழுந்தது. இந்தத் தேடலின் அலை 1990களில் ஆனந்த சங்கரையும் தொட்டது. 1996இல் ப்ளூ நோட் நிறுவனம் வெளியிட்ட 'ப்ளூ ஜூஸ்' தொகுப்பில் 'டான்சிங் டிரம்ஸ்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா' என்னும் இரண்டு பகுதிகள் இடம்பெற்று, அவருடைய நாமம் புதிய தலைமுறையின் செவியில் விழுந்தது. 1999இல், ஐம்பத்தாறாம் வயதில், அவர் காலமானார். மூலத்தட்டு முழுமையாகக் குறுந்தகடாக மீண்டும் வந்தது 2005இல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

லண்டன் இளைஞர்களுக்கு நாம் நன்றி செலுத்த வேண்டும். அவர்கள் ஜாதி, குலம், பாணி எதையும் விசாரிக்காமல் காதால் கேட்டார்கள், நாம் கேட்கவில்லை. ஆயினும் அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆடுவதற்கு. இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டார்கள். நடனக் கூடத்துக்கு அது நியாயமே. ஆனால் அந்தத் தேர்வையே இறுதித் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டு, இன்றும் இங்கே அந்தத் தட்டைப் பற்றிப் பேசுவோர் அந்த இரண்டையே திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. மற்றப் பகுதிகள் தம் சொந்த நாட்டிலேயே இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

கொல்லிமலையிலுள்ள செம்மேட்டில் சில நண்பர்களோடு அந்தத் தட்டை முழுவதும் கேட்டபோது எழுந்த அபிப்பிராயங்களை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அவற்றில் எதுவும் லண்டனிலிருந்து வந்ததன்று. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், நெடுங்காலம் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர், "சித்தார் வருகிறது, ஆனால் ராகத்தைத் திறந்து காட்டுவதில்லை, இரண்டு பிடி பிடித்ததும் கிதார் வந்து மறைத்துவிடுகிறது" என்று குறைப்பட்டார். காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அன்பர், பெயர்களையும் வகைகளையும் கேட்க விரும்பாமல், விறுவிறுப்பான பகுதிகளைவிட 'விடை' என்னும் பகுதியே தம் மனத்தைத் தொட்டதென்றார். சேர்வையாட்டம் என்னும் நாட்டுப்புற ஆட்டத்துக்குத் தாளம் வாசிக்கும் இளைஞர் ஒருவர் மட்டும் வெகுநேரம் பேசாமல் இருந்து, 'டான்சிங் டிரம்ஸ்' முடிந்ததும் வாத்தியாரைப் பார்த்து, "நடுவுல யாரு எங்க போனாலும் கவலை இல்லீங்க சார், முதல் அடிக்கு எல்லாரும் ஒண்ணா வந்து விழுந்துடறாங்க" என்றார். ஜேம்ஸ் பிரௌன் தம் குழுவுக்குக் கற்பித்த சூத்திரத்தை, அவர் பெயரையே கேள்விப்படாத ஒருவர் காதால் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு உண்டான ஆனந்தம் கொஞ்சமன்று. வாத்தியார் தம் குறையை விட்டுக்கொடுக்கவில்லை, அதுவும் சரிதான். இருவருமே தாம் கேட்டதைச் சொன்னார்கள், காரணத்தோடு சொன்னார்கள்.

என் அபிப்பிராயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. வாத்தியாரின் குறையில் பாதி உண்மை இருக்கிறது. நிதானமான பகுதிகளில் மூக் சிந்தசைசரின் நாதம் சில இடங்களில் இசையை நடத்தாமல் அதன் மேல் பூசிய அலங்காரமாக நின்றுவிடுகிறது. 'தி லோன்லி ரைடர்' குதிரைவீரர் படங்களின் பின்னணி இசையை மிகவும் நம்பியிருக்கிறது. ஆனால் ராகத்தை விஸ்தரிக்கவில்லை என்பதைக் குற்றமாகச் சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன். ஆலாபனை செய்வதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நகரத்தின் தெருக்களில் டிராமும் ரிக்ஷாவும் மனிதக் கூட்டமும் ஒரே சமயத்தில் நகர்வதை, வாத்தியங்கள் ஒன்றன் பாதையில் ஒன்று குறுக்கிட்டும் மோதாமல் போகும் விதத்தால் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா' உணர்த்துகிறது. அந்த நோக்கத்தை நிறைவேற்றியிருக்கிறதா என்று கேட்பதே முறை. நிறைவேற்றியிருக்கிறது, பூரணமாக.

பெயரையும் பரம்பரையும் விசாரியாமல் இசையை மட்டும் கேட்பது எங்களுக்குப் புதிதன்று. கொல்லிமலைக்கு உரியவனான வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய இரண்டு பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றில் 152ஆம் பாடலில், காட்டில் வேட்டையாடி நிற்கும் ஒருவனை, அவன் யாரென்று அறியாமலேயே, இசைவாணர் கூட்டம் சந்திக்கிறது. முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் முறையே எடுத்து வாசித்து, துறைகளையெல்லாம் பாடி, 'கோ' என்று முடிக்க, அது தன் பெயராயிருந்ததால் அவன் நாணி நிற்கிறான். பிறகு இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் அங்கேயே, அந்தச் சுரத்து வழியிலேயே, கொடுத்துவிடுகிறான். வந்தவர் எந்த ஊர், எவருடைய சீடர் என்று அவன் விசாரித்ததாகப் பாட்டில் இல்லை. வாசித்தவர்களுக்குக் கேட்பவன் பெயர் தெரியாது. கேட்டவனுக்கு வாசித்தவர்களின் பரம்பரை தெரியாது. இடையே இசை மட்டும் இருந்தது.

அந்நிய இசையைக் காதினால் ஏற்றுக்கொண்ட வரலாறும், அதிகாரிகளும் நிபுணர்களும் தீர்மானித்ததை ரசிகர்கள் மாற்றிய வரலாறும் நமக்குக் குறைவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கும்பினியாரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு நோட்டுசுவர சாகித்தியங்கள் இயற்றினார். அவருடைய சகோதரர் பாலுசுவாமி தீட்சிதர் பிடில் கற்று அதை நம் கச்சேரியில் அமர்த்தினார். அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தும் மக்கள் அதைக் கைவிடவில்லை. 1950களில் ஒலிபரப்பு மந்திரி கேஸ்கர் வானொலியில் திரைப்பாடல்களைக் குறைத்தபோது ரசிகர்கள் மனுப் போடவில்லை, ஊர்வலம் போகவில்லை. இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி பிறந்தது அதன் பலன்தான். பிடிலுக்கும் ஆர்மோனியத்துக்கும் திரைப்பாட்டுக்கும் கிடைத்த இந்த ஆதரவு, வாய்ப்பாட்டு இல்லாத வாத்தியத் தட்டுகளுக்கு ஏனோ கிடைக்கவில்லை. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' கூட, அவர் திரைப்பாட்டுகளைப் பற்றி நாம் பேசியதில் பத்தில் ஒரு பங்கும் பேசப்படவில்லை என்றே நினைக்கிறேன். பாட்டில் சொல் இருந்தால் சொல்லைப் பற்றியாவது பேசலாம். சொல் இல்லாத இடத்தில் கேட்டதைத்தான் பேச வேண்டும், அதற்கு நாம் பழகவில்லை.

பழக்குவது சாத்தியம். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி சங்கீத விமரிசனம் எழுதியபோது, கச்சேரிக்குப் போகும் சாதாரணத் தமிழர் தாமும் ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கலாம் என்று தைரியம் கொண்டார்கள். அந்தத் தைரியத்தை இக்காலத்து இசைக்கும் விரிக்க வேண்டும். வானொலி நிலையங்கள் வாரத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, ஆனந்த சங்கரின் இந்தத் தட்டைப் போன்ற வாத்திய இசைத்தட்டு ஒன்றை, வகைப்பெயரையும் வெளிநாட்டுப் புகழையும் முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு பகுதியைக்கூட விடாமல் ஒலிபரப்ப வேண்டும். அடுத்த வாரம் ரசிகர்களின் கடிதங்களை வாசிக்க வேண்டும். எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் மனம் விலகியது, ஏன் என்ற மூன்றுக்கும் விடை தரும் கடிதங்கள் மட்டும் போதும். வகை என்ன, லண்டனில் என்ன சொன்னார்கள் என்று எழுதும் கடிதங்களை ஒதுக்கிவிடலாம்.