ஒட்டிய எண்ணும் ஓடும் வண்டியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"பொம்மை லாரிக்குப் பாட்டரி வாங்குவது பற்றிக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரையா?" என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஐந்து மாணவர்கள் மூன்று மாதம் மாலைத் தேநீரைக் குறைத்துச் சேர்த்த ரூ.2,500 இதில் அடங்கியிருக்கிறது. தவறான பொருளை வாங்கினால் விடுதி அறையொன்றில் தீப்பற்றும் அபாயமும் அடங்கியிருக்கிறது. ஆகவே என் கருத்தைக் கூற எனக்கு உரிமை உண்டு என்றே எண்ணுகிறேன். தமிழ்த்துறை ஆசிரியர்கள் பொறுத்தருள்க! மின்கல அடுக்கு என்பதே முறையான சொல். ஆயினும் லாரி ஓட்டுநர் வீட்டில் பிறந்தவன் வாயில் பாட்டரி என்றுதான் வருகிறது.

லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லின் பெயரை அறியாதார் இலர். எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனின் அண்ணன் அங்கே அப்படியொரு பட்டறையில் வேலை செய்கிறார். ரேடியோ மூலம் இயக்கும் பழைய வண்டி ஒன்றின் சேஸிஸ் கைமாறி எங்களிடம் வந்தபோது, மிச்சப்பட்ட பலகைத் துண்டுகளைக் கொண்டு அதன்மேல் அவர் ஒரு பாடி கட்டிக் கொடுத்தார். உண்மை லாரியில் பத்தில் ஒரு பங்கு அளவு. பின்புறம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதக்கூட அவர் மறக்கவில்லை. மோட்டார் நன்றாக இருந்தது. பாட்டரிதான் செத்துப் போயிருந்தது.

உடனே தொடங்கியது வழக்கு. நண்பர் மூவர், மூன்று கலம் கொண்ட லித்தியம் பாலிமர் பாட்டரியே வேண்டும் என்றனர். ஒருவன் எது மலிவோ அதுவே போதும் என்றான். அந்த ஐந்தாமவன் பேச்சைக் கேட்டு முதல் தவற்றைச் செய்தவன் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கடைத்தெருவில் ரூ.300 கொடுத்து இரண்டு உருளை லித்தியம் கலங்களை வாங்கி வந்தேன். மேலே ஒட்டிய தாளில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டையும் தொடராக இணைத்தோம். சமதரையில் லாரி அழகாக ஓடிற்று. விடுதிக்கு முன்னுள்ள மேட்டில் பாதி ஏறியதும் நின்றுவிட்டது. நண்பர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்றிரவு தந்தையிடம் தொலைபேசியில் பேசியபோது இதைக் கூறினேன். அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். "அதுல என்ன எழுதியிருந்தா என்ன கண்ணு? நாங்க லைட்டைப் போட்டுட்டு செல்ப் அடிச்சுப் பாப்போம். லைட்டு மங்கிச் செத்துப்போச்சுன்னா பாட்டரி ஆகாது. சும்மா இருக்கையில எல்லாப் பாட்டரியும் நல்ல பாட்டரிதான்" என்றார்.

இதை நான் முதலாண்டிலேயே படித்திருக்கிறேன்! பாட்டரியின் மின்னியக்கு விசையிலிருந்து, ஓடும் மின்னோட்டத்தையும் உள்மின்தடையையும் பெருக்கிக் கழித்தால் வெளியே கிடைக்கும் மின்னழுத்தம் வரும் என்பது அந்தப் பாடம். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். என்ன பயன்? கடையில் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. தாளில் ஒட்டிய எண்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கலத்தைச் சோதித்தேன். சுமையில்லாதபோது 4.10 வோல்ட். 8 ஓம் மின்தடையை இணைத்ததும் 3.95. கணக்கிட்டால் உள்மின்தடை ஏறத்தாழ 0.3 ஓம் வருகிறது. இரண்டு கலத்துக்கும் சேர்த்து 0.6. மேடேறும் மோட்டார் 10 ஆம்பியர் கேட்டால் 6 வோல்ட் பாட்டரிக்குள்ளேயே கரைந்துவிடும். 8.2 வோல்ட்டில் எஞ்சுவது 2.2 மட்டுமே. லாரி நிற்காமல் என்ன செய்யும்? கொள்ளளவையும் பார்த்துவிடுவோம் என்று 3 வோல்ட்டுக்கு இறங்கும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தேன். சராசரி 0.45 ஆம்பியரில் 1 மணி 25 நிமிடம் தாங்கிற்று. அதாவது 640 மில்லி ஆம்பியர் மணி. 9,900 எங்கே, 640 எங்கே! 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இவ்வகைக் கலத்தில் தேர்ந்த நிறுவனங்கள் அடைக்கும் அளவே ஏறத்தாழ 3,500தான் என்பதைப் பின்னர்த் தெரிந்துகொண்டேன்.

நிற்க. மீதிப் பணத்தில் எதை வாங்குவது என்பதில்தான் என் உறுதியான கருத்து வருகிறது. லித்தியம் பாட்டரியை நான் இகழவில்லை. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பாட்டரி உலகையே மாற்றியது. அதற்கு அடிகோலிய மூவருக்கு 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதன் இனமான லித்தியம் பாலிமர் எடை குறைந்தது. உள்மின்தடையும் மிகக் குறைவு. பந்தயம் ஓட்டுபவர் அதையே நாட வேண்டும். ஆனால் அது ஒரு கண்டிப்பான விருந்தாளி. கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக்கூடாது. மீறினால் உப்பும், சில வேளை தீப்பற்றும். எங்கள் வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோ பழையது. மின்னழுத்தம் இறங்கினால் தானே நிறுத்திக்கொள்ளும் வசதி அதில் கிடையாது. கலங்களைச் சமன்செய்து ஏற்றும் சார்ஜரும் எங்களிடம் இல்லை. அதை வாங்கப் புகுந்தால் பாட்டரிக்குப் பணம் மிஞ்சாது.

மூன்று கலம் என்பது இன்னும் பெரிய பிழை. 7.2 வோல்ட்டுக்கென அமைந்த மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும் என்பது மெய்தான். சக்கரம் கல்லில் முட்டி நிற்கும் வேளையில் சுருளில் பிறக்கும் வெப்பமோ 2.4 மடங்காகும். இதை நண்பர்கள் பேசவில்லை.

ஆகவே நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலம் ஆறு, தலைக்கு 1.2 வோல்ட், ஆக 7.2 வோல்ட் என்பதே என் தேர்வு. மொத்த உள்மின்தடை 0.05 ஓம் என்றே கொண்டாலும் 10 ஆம்பியரில் அரை வோல்ட்தான் இழப்பு. அதிகம் இறக்கினால் கலம் பாழாகலாம். லித்தியத்தைப் போலப் பற்றி எரியாது. 400 கிராம் எடை என்று குறை கூறினர். பந்தயக் காருக்கு அது குறை. லாரிக்கு அடியில் கனம் இருப்பது நல்லதன்றோ? சும்மா வைத்தாலும் வாரக்கணக்கில் மின்னேற்றம் குறைந்துகொண்டே போகும் என்பது உண்மையான குறை. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மூவருக்கு இருவர் என்ற நிலை மாறி, ஆய்வுக்கூடக் கணக்கைக் காட்டியபின் நால்வருக்கு ஒருவர் ஆயிற்று. 3,000 மில்லி ஆம்பியர் மணி நிக்கல் பாட்டரி வாங்கினோம். லாரி மேடேறுகிறது, இருபத்தைந்து நிமிடம் ஓடுகிறது.

இயற்பியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். பாட்டரியின் உள்மின்தடையைக் காட்டும் நல்ல சார்ஜர் ஒன்றைப் பொதுவில் வாங்கி ஆய்வுக்கூடத்தில் வைத்தால், மாணவர்கள் தலைமாட்டில் பாட்டரியைச் செருகிவிட்டு உறங்கும் வழக்கம் ஒழியும். மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை எங்களிடமுள்ள சிறிய சார்ஜரில் 300 மில்லி ஆம்பியர் வீதம் விடுதித் தாழ்வாரத்தில் ஏற்றுகிறோம். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரவு ஒன்பதுக்கு முடியும். ஆளுக்கு மூன்று மணி நேரம் காவல். மூன்று கலம் வேண்டும் என்று இன்னும் வாதாடும் நண்பனுக்கு மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஒதுக்கியிருக்கிறோம்.