முதலாளிமாரே முதலில் படிக்க வேண்டும்

வளைகுடாவுக்குப் போகக் காத்திருக்கும் எங்கள் இளைஞர்கள் மத்தியில் சில வருடங்களாக ஒரு படிப்பு பிரபலமாகியிருக்கிறது. 'சேப்டி ஒபிசர்' படிப்பு என்று அதைச் சொல்கிறார்கள். பிரித்தானியாவின் நெபோஷ் பரீட்சைச் சபை கொடுக்கும் சான்றிதழ் கையில் இருந்தால் கட்டாரிலோ சவூதியிலோ நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும் என்பது நம்பிக்கை. பிள்ளைகள் படிக்கட்டும், போகட்டும், உழைக்கட்டும். ஆனால் அந்தப் படிப்பை முதலில் யார் படித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. நாற்பத்தாறு வயதில் அதே வகுப்பில் போய் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எனது கடை கொடிகாமத்தில் இருக்கிறது. ஏ-9 வீதியில் பருத்தித்துறைக்குப் பாதை பிரிகிற இடம். தேங்காய்க்கும் மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் பெயர்போன சந்தை உள்ள ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சாவகச்சேரியிலிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அப்போது பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். முகாமோடு படிப்பு நின்றது. பிறகு பழைய இரும்பு வியாபாரம், லொறி, சவூதியில் எட்டு வருடம். யுத்தம் முடிந்த பின் 2010 இல் திரும்பி வந்து இரும்புக் கடை போட்டேன். கடைக்குப் பின்னால் ஒரு வெல்டிங் கொட்டகை. கேற், யன்னல் கம்பி, தண்ணீர்த் தாங்கி வைக்கும் கோபுரம் எல்லாம் செய்து கொடுத்தோம். நான்கு பேர் வேலை செய்தார்கள்.

2017 இல் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, நான் கல்லாவில் இருந்தபோது, கொட்டகையில் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். விரல்களுக்கிடையில் இரத்தம். கிரைண்டரின் வெட்டுத் தட்டு உடைந்து ஒரு துண்டு கண்ணில் பட்டிருந்தது. அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

நடந்தது என்னவென்று தொழில் செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சிறிய கிரைண்டருக்கு நான்கு அங்குலத் தட்டுத்தான். அது ஆழமாக வெட்டாது என்பதற்காகப் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஏழு அங்குலத் தட்டைப் பூட்டுவது பல பட்டறைகளில் வழக்கம். துவாரம் பொருந்தாவிட்டால் ஒரு வாஷரை வைத்துச் சரிக்கட்டிவிடுவார்கள். சிறிய இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 தடவை சுழலும். ஏழு அங்குலத் தட்டின் முகத்தில் 8,500 சொச்சத்துக்கு மேல் சுழற்றக் கூடாது என்று அச்சடித்திருக்கும். நாங்கள் ஆயிரக்கணக்கில் அந்தத் தட்டுகளை விற்றிருக்கிறோம். ஒரு நாளும் அந்த எழுத்தை வாசித்ததில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி என் கடையில் ஆணியில் தொங்கியது. இருநூறு ரூபாய்ச் சாமான். விற்பதற்காக வைத்திருந்தேன். இருபது அடி தூரத்தில் வேலை செய்த பிள்ளைக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பிள்ளையின் தாய் என்னைப் பார்த்து, "விதி முதலாளி, நீங்கள் என்ன செய்வியள்" என்றார். எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் போனில், "கழாகத்ர், மனதைப் போட்டுக் குழப்பாதீங்க" என்றார். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. மருத்துவச் செலவைக் கட்டினேன், மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். நல்ல முதலாளி என்று சந்தையில் பேசினார்கள்.

ஆனால் தனியே இருக்கும்போது மனம் ஒப்பவில்லை. உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டுத் திரும்பியதை நாமெல்லாம் ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். கலீஃபாவுக்கே விதி என்பது சும்மா இருப்பதற்கான காரணமாக இருக்கவில்லை. கடைக்காரனான எனக்கு மட்டும் எப்படி இருக்க முடியும்?

சவூதியில் இருந்த எட்டு வருடமும் நான் தலைக்கவசம் இல்லாமல் சாரத்தில் ஏறியதில்லை. இடுப்புப் பட்டியைக் கொளுவாமல் உயரத்தில் நின்றதில்லை. போர்மன் பார்த்தால் சம்பளம் வெட்டுவான். கட்டுநாயக்காவில் இறங்கியதோடு அந்தப் பழக்கமும் இறங்கிவிட்டது. கம்பனியின் சட்டம் என்று நினைத்தேனே தவிர என் கண்ணுக்கும் காலுக்கும் உரிய காரியம் என்று நினைக்கவில்லை. வளைகுடாவில் உழைத்து வந்து பட்டறையும் மர ஆலையும் கட்டடக் கொந்தராத்தும் செய்யும் சகோதரர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் வேலையாட்களுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று அவரவர் எண்ணிப் பார்க்கட்டும்.

2018 இல் வகுப்பில் சேர்ந்தேன். கொழும்பில் சனி, ஞாயிறு. வெள்ளி இரவு கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவேன். யாழ்ப்பாணத்துப் பஸ் புத்தளத்தைத் தாண்டும்போது பெரும்பாலும் விழித்திருப்பேன். முகாம் இருந்த பக்கத்தை இருட்டில் பார்ப்பேன். விடியக் கொழும்பில் இறங்கி சுபஹ் தொழுதுவிட்டு வகுப்புக்குப் போனால், இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். முதல் நாள் என்னை விரிவுரையாளர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்! வீட்டில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மூத்த மகள் மட்டும், "வாப்பா, நான் ஏ-லெவல், நீங்க என்ன லெவல்?" என்று கேட்டாள்.

ஆங்கிலம் எனக்குச் சவூதியில் பழகிய ஆங்கிலம். பேசுவேன், எழுத வராது. வகுப்பில் தமிழில் ஒரு தாளும் கிடையாது. அந்தக் காலத்தில் பரீட்சை மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்து எழுத வேண்டும். 2020 இல்தான் புத்தகத்தைப் பார்த்து எழுதும் முறைக்கு மாறினார்கள். சித்தியடைய நூற்றுக்கு 45 வேண்டும். முதல் தடவை ஒரு பாடத்தில் 41. காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. 'பட்டியலிடு' என்று கேட்டால் பெயரை எழுதினால் போதும், 'விளக்கு' என்று கேட்டால் ஏன், எப்படி என்று எழுத வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் கடைப் பில் எழுதுவது போலப் பட்டியல் போட்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடியும் எழுதினேன். அல்ஹம்துலில்லாஹ்.

படித்ததில் என் தலையில் அடித்தது ஒரு வரிசைதான். ஆபத்தைக் கண்டால் முதலில் அதை இல்லாமலே செய்ய முடியுமா என்று பார். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றைப் பதிலாக வை. அதுவும் முடியாவிட்டால் மூடி, தடுப்பு போட்டு மனிதனிலிருந்து பிரி. பிறகு வேலை செய்யும் முறையை மாற்று. கண்ணாடியும் கையுறையும் கடைசி. நாங்கள் கடைசியில் ஆரம்பித்து, அதையும் செய்யாமல் விடுகிறோம். என் கொட்டகையில் கண்ணாடி போடாதது இரண்டாவது பிழை. மூடியைக் கழற்ற விட்டதும், ஏழு அங்குலத் தட்டு சிறிய இயந்திரத்துக்குப் போக விட்டதும் முதல் பிழை. இரண்டுமே முதலாளியின் கையில் இருந்தவை. வேலைக்கு வரும் பிள்ளையை நெபோஷ் படிக்க வைத்திருந்தாலும் அவன் என்ன செய்திருப்பான்? சரியான இயந்திரத்தை வாங்க அவனிடம் காசும் இல்லை, அதிகாரமும் இல்லை. அதனால்தான் முதலாளி படிக்க வேண்டும் என்கிறேன்.

பாடத்துக்காக எங்கள் நாட்டுச் சட்டங்களைத் தேடியபோது இன்னொரு விடயம் தெரிய வந்தது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையில் காயம்பட்டவனுக்கு நட்டஈடு கொடுப்பது தொழில்தருநரின் பொறுப்பு. விரல், கை, கண் என்று எந்த உறுப்புக்கு எவ்வளவு வீதம் என்பதற்கு அட்டவணையே உண்டு. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், சுழலும் இயந்திரங்களுக்குத் தடுப்புப் போட வேண்டும், பாரதூரமான விபத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. தொழிற்சாலை என்றால் கொழும்பில் புகை போகும் கட்டடம் என்று நினைத்திருந்தேன். கூலிக்கு ஆள் வைத்து இரும்பு ஒட்டும் கொட்டகைக்கும் இதில் பங்கு உண்டு.

ஆக, மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு ஸதகாச் செய்தவன் போல நான் நடந்திருக்கிறேன். அது ஸதகா இல்லை. அந்தப் பிள்ளையின் ஹக்கில் ஒரு சிறு பகுதி. மிச்சம் என் மேல் கடனாக இருந்தது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகளாரின் (ஸல்) உம்மத்தில் இருந்துகொண்டு, இரத்தத்துக்குரியதை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். கணக்குப் பார்த்து, தெரிந்தவர்களிடம் சரிபார்த்து, ஒரு காணித் துண்டை விற்றுக் கொடுத்து முடித்தேன். இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹஜ்ஜுக்குப் போகுமுன் கடன்களைத் தீர்க்கும் எத்தனையோ பேர் இந்தக் கடனைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அறியாமை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு 2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதியில் ஓர் இறப்பர் தொழிற்சாலையில் நடந்ததைப் பாருங்கள். அமோனியாத் தாங்கிக்குள் ஒருவர் விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் சேர்த்து ஐந்து பேர் இறந்தார்கள். அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இப்படி மீட்கப் போனவர்கள் என்று அமெரிக்க அரச ஆய்வு நிறுவனம் ஒன்று 1986 இலேயே எச்சரித்தது. யாழ்ப்பாணத்தில் தாங்கிகள் குறைவு, ஆனால் கிணறு இல்லாத வளவு இல்லை. கிணறு இறைக்கும்போது எண்ணெய் மெசினைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே இறங்கியவன் மயங்கினால் மேலே நிற்கும் தம்பி சும்மா நிற்பானா? பாசத்தில் குதிப்பான். குதிக்காதே, முதலில் மெசினை நிறுத்து, காற்றோட்டம் வரச் செய், இடுப்பில் கயிறு கட்டாமல் எவனையும் இறக்காதே என்று யார் அவனுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தார்கள்?

எங்கள் ஆட்களுக்கு ஒழுங்கு வராது என்று சிலர் சொல்வார்கள். அவர்களை முகமாலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கொடிகாமத்திலிருந்து ஏ-9 வீதியில் கொஞ்ச நேரம் போனால் வரும். வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றிய நிலம் அது. அங்கே வேலை செய்தவர்கள் எங்கள் பக்கத்துச் சனம்தான், அதில் பெண்கள் ஏராளம். நான் ஒரு முறை மரக் கட்டைகள் கொண்டுபோய் இறக்கினேன். வாசலில் பெயரோடு இரத்த வகையையும் கேட்டு எழுதினார்கள். முகக்கவசம் போடாமல் ஒருவரும் கோட்டைத் தாண்டவில்லை. மருத்துவ உதவியாளர் வாகனத்தோடு தயாராக நின்றார். வன்னியிலேயே ஆபத்தான வேலையை அவ்வளவு நிதானமாகச் செய்த அதே சனம், என் கொட்டகையில் செருப்போடு வெல்டிங் செய்தது. வித்தியாசம் நடத்துகிறவனில்தான்.

இது செலவு என்று நினைக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு வங்கிக் கடனில் நடக்கும் பெரிய வேலைகளில் துணைக் கொந்தராத்துக்காரனிடமும் பாதுகாப்புத் திட்டம் எழுத்தில் கேட்கிறார்கள். அதை எழுதத் தெரியாததால் முன்பு நான் விட்ட வேலைகள் உண்டு, இப்போது கிடைத்த வேலைகளும் உண்டு. 2022 ஜூனில் சர்வதேசத் தொழில் அமைப்பு பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இந்தக் கேள்விகள் இனிமேல் கூடுமே தவிரக் குறையாது.

எல்லோரும் என்னைப் போல நெபோஷ் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. காசும் அதிகம், பாஷையும் கஷ்டம். 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் இருக்கிறது. பட்டறையில் வேலை பழகிய, பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்களுக்கு முன்கற்றலை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழியும் இருக்கிறது. குறையாக இருப்பது, நாற்பது தாண்டிய முதலாளிமாருக்குத் தமிழில், இரண்டு மூன்று வார இறுதிகளில் முடிகிற ஒரு வகுப்பு. எங்கள் வர்த்தக சங்கங்கள் வருடாவருடம் இப்தார் வைக்கின்றன, நாட்காட்டி அடிக்கின்றன. இதையும் ஒரு வருடம் செய்து பார்க்கலாம். பள்ளிவாசல் மண்டபம் போதும். மேசையில் ஒரு கிரைண்டரும், உடைந்த தட்டு ஒன்றும், சட்டத்தின் தமிழ்ப் பிரதியும் இருந்தால் முதல் பாடத்தை நானே நடத்தித் தருகிறேன்.

அந்தத் தம்பி இப்போது கொட்டகையில் இல்லை, கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஏழு அங்குலத் தட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "எந்த மெசினுக்கு அண்ணை?" என்று கேட்காமல் அவர் கொடுப்பதில்லை. சிறிய மெசின் என்றால் இல்லை என்று சொல்லிவிடுகிறார். சிலர் ஏசிவிட்டு எதிர்க் கடைக்குப் போகிறார்கள். நான் தடுப்பதில்லை.